காயங்களைக் கேட்ட சீடர்



கிறிஸ்தவ விசுவாசத்தையும் ஐயத்தையும் ஒரே மூச்சில் பேச மயிலாப்பூரைவிடப் பொருத்தமான ஊர் அமையாது. பன்னிரு சீடர்களில் சந்தேகக்காரர் என்று உலகம் பெயர் வைத்த தோமையாரின் கல்லறை சாந்தோம் பேராலயத்தில் இருப்பதாக மரபு சொல்கிறது. சைதாப்பேட்டைச் சின்னமலையும் பரங்கிமலையும் அவர் பெயரைச் சுமந்து நிற்கின்றன. ஆண்டுதோறும் ஜூலை 3ஆம் நாள் அவருக்குத் திருவிழா. அந்த நாளில் பிரசங்க மேடைகளில் பெரும்பாலும் ஒரே செய்திதான்: தோமையார் சந்தேகப்பட்டார், ஆண்டவர் அதைக் கடிந்துகொண்டார், நாம் அப்படிச் சந்தேகப்படக் கூடாது. இந்த வாசிப்பு தவறு என்று நான் கருதுகிறேன். தோமையார் கேட்டது எதை என்று கவனித்தால், அவருடைய ஐயமே விசுவாசத்தின் ஒரு வடிவம் என்பது தெரியும். அறிவியலோடும், நோய், கடன், சாவு என்று வந்துகொண்டே இருக்கும் அன்றாடப் பாடுகளோடும் சேர்ந்து நிற்கக்கூடிய விசுவாசம் எது, நிற்க முடியாதது எது என்று பிரித்துக் காட்டும் அளவுகோலும் அங்கேயே கிடைக்கிறது. இன்றைய உரையில் நான் நிறுவ விரும்புவது இது ஒன்றைத்தான்.

யோவான் நற்செய்தியின் 20ஆம் அதிகாரத்தை நிதானமாகப் படிப்போம். உயிர்த்த இயேசு முதல்முறை சீடர்களிடம் வந்தபோது தோமையார் அங்கே இல்லை. வந்தவர் தம் கைகளையும் விலாவையும் அவர்களுக்குக் காட்டினார். அதைக் கண்ட பிறகுதான் அவர்கள் மகிழ்ந்தார்கள் என்று நற்செய்தி சொல்கிறது. பிறகு தோமையார் தமக்குக் கேட்டதும் அதே கைகளையும் அதே விலாவையும்தான். மற்றப் பத்துப் பேருக்குக் கேட்காமலே கிடைத்ததை அவர் வாய்விட்டுக் கேட்டார். பழி மட்டும் அவருக்கு வந்து சேர்ந்தது. அவர் வேறு என்னென்னவோ கேட்டிருக்கலாம். வானத்திலிருந்து ஓர் அடையாளம், ஒளி சூழ்ந்த முகம், பிலாத்துவின் அரண்மனை இடிந்து விழுதல் என்று எதையும் கேட்டிருக்கலாம். கேட்டது ஆணி அடித்த தழும்பை. சிலுவையில் பாடுபட்டவரும் உயிரோடு வந்திருப்பவரும் ஒருவரே என்று தெரிந்தாக வேண்டும். காயமில்லாத ஒரு வெற்றிவீரர் வந்து நின்றால் அவரை ஏற்கத் தோமையார் தயாராக இல்லை. கேள்வியோடு இருந்த அந்த எட்டு நாளும் அவர் கூட்டத்தை விட்டுப் போகவில்லை, கூட்டமும் அவரை வெளியே தள்ளவில்லை என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். இதே தோமையார்தான் 11ஆம் அதிகாரத்தில், யூதேயாவுக்குப் போனால் சாவு உறுதி என்று மற்றவர்கள் தயங்கியபோது, இயேசுவோடு போய்ச் சாவோம் என்று புறப்பட்டவர். 14ஆம் அதிகாரத்தில், நீர் போகும் இடமே தெரியாதபோது வழி எப்படித் தெரியும் என்று மறைக்காமல் கேட்டவரும் அவர்தான். இப்படிப்பட்டவரைக் கோழை என்றோ அவிசுவாசி என்றோ எப்படிச் சொல்வது?

காணாமலே நம்புகிறவர்கள் பேறுபெற்றவர்கள் என்று ஆண்டவரே சொல்லிவிட்டாரே என்பது உடனே வரும் மறுப்பு. சொன்னது உண்மை. ஆனால் அதற்கு அடுத்த வசனங்களையும் படிக்க வேண்டும். நீங்கள் நம்பும்படியாக இவை எழுதப்பட்டுள்ளன என்று நற்செய்தியாளர் அங்கே தம் நோக்கத்தைச் சொல்கிறார். காணாமல் நம்புகிறவர்கள் சாட்சியத்தைக் கொண்டு நம்புகிறார்கள். சாட்சியம் வேண்டும் என்றால் கண்டவர் ஒருவர் வேண்டும். கண்டவர் ஏமாளியாக இருக்கவும் கூடாது. பின்னால் வந்த தலைமுறைகளுக்குத் தோமையாரின் ஐயம் ஒரு காவல். எல்லாரும் தலையாட்டிய ஒரு செய்தியைவிட, ஒருவராவது குறுக்குக் கேள்வி கேட்ட செய்திக்கு எந்த வழக்குமன்றத்திலும் மதிப்பு அதிகம். இன்னொன்றும் உண்டு. தோமையார் விரலை இட்டுப் பார்த்தார் என்று நற்செய்தி எங்கும் சொல்லவில்லை. தொட்டுப் பார் என்று அழைப்பு வந்தது. அந்த அழைப்பே அவருக்குப் போதுமானதாக இருந்தது. சோதித்துப் பார்க்க இடம் தருகிற கடவுளை அவர் அறிக்கையிட்டார்.

இந்த அளவுகோலை முதலில் தோமையார் மரபின் மீதே வைத்துப் பார்ப்போம். மூன்றாம் நூற்றாண்டுத் தொடக்கத்தில் சிரியாக் மொழியில் எழுந்ததாகக் கருதப்படும் தோமையார் பணி நூல் அவரை இந்தியாவுக்கு அனுப்புகிறது. அதில் வரும் குண்டபோரஸ் மன்னன் வெறும் கற்பனை என்றே நெடுங்காலம் கருதப்பட்டது. 19ஆம் நூற்றாண்டில் வடமேற்கு இந்தியாவில் அவன் பெயர் பொறித்த நாணயங்கள் கிடைத்தன. ஆனால் அந்த நூலில் மயிலாப்பூர் என்ற பெயர் இல்லை. 13ஆம் நூற்றாண்டின் இறுதியில் மார்க்கோ போலோ இந்தக் கடற்கரையில் ஒரு சிற்றூரில் தோமையார் கல்லறை இருப்பதையும், கிறிஸ்தவர்களும் முஸ்லிம்களும் அங்கே யாத்திரை வருவதையும், அந்த இடத்து மண்ணைக் காய்ச்சலுக்கு மருந்தாக எடுத்துச் செல்வதையும் பதிவு செய்கிறார். போர்த்துக்கீசியர் 1523இல் அகழ்ந்து பார்த்தார்கள். இப்போது நாம் பார்க்கும் கோத்திக் பாணிப் பேராலயம் 1896இல் அர்ச்சிக்கப்பட்டது. இவ்வளவையும் அடுக்கி வைத்தால் நேர்மையான ஒரு வரலாற்று மாணவர் என்ன சொல்வார்? தோமையார் தென்னிந்தியா வந்திருக்கக்கூடும். மரபு மிகப் பழமையானது. உறுதி செய்யும் முதல் நூற்றாண்டுச் சான்று இல்லை. இப்படிச் சொல்வதால் எந்த விசுவாசியின் செபமும் குறைந்துவிடாது என்பது என் எண்ணம்.

பரங்கிமலைச் சிலுவையின் கதை இதைவிடத் தெளிவானது. 1547இல் மலைமேல் கோயில் கட்ட அடித்தளம் தோண்டியபோது, சுற்றிலும் எழுத்துப் பொறித்த கற்சிலுவை ஒன்று வெளிப்பட்டது. எழுத்தைப் படிக்க உள்ளூரில் ஆள் இல்லை. அந்த நூற்றாண்டிலேயே ஒருவர் அதைப் படித்துவிட்டதாகச் சொல்லித் தோமையாரின் வரலாறு முழுவதையும் அதிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கேட்டவர்களும் மகிழ்ச்சியோடு ஏற்றுக்கொண்டார்கள். 1873இல் சென்னை மாகாணத்து நீதிபதியும் மொழியறிஞருமான ஏ.சி. பர்னெல், அந்த எழுத்து பாரசீகத்துப் பஹ்லவி என்று காட்டினார். வாசகத்தின் பொருளைப் பற்றி அறிஞர்கள் இன்னும் ஒத்துப்போகவில்லை. ஆனால் அது தோமையாரின் வாழ்க்கைக் கதை சொல்லவில்லை என்பதில் ஐயமில்லை. சிலுவையின் காலம் ஏறக்குறைய 7 முதல் 9 வரையிலான நூற்றாண்டுகள். இதே வாசகத்தோடு கோட்டயம் வலியபள்ளியிலும் சிலுவைகள் உண்டு. பர்னெலின் ஐயம் நம்மிடமிருந்து ஒன்றைப் பறித்தது உண்மை. ஆனால் அது கொடுத்தது பெரிது. ஐரோப்பியக் கப்பல் ஒன்றுகூட வராத காலத்தில், பாரசீக வணிகர்களோடு கலந்து வாழ்ந்து, அவர்கள் மொழியில் செபித்த ஒரு கிறிஸ்தவ சமூகம் இந்தக் கரையில் இருந்ததற்குக் கல்லிலேயே சாட்சி கிடைத்துவிட்டது. கிறிஸ்தவம் வெள்ளைக்காரன் கொண்டுவந்த மதம் என்று சொல்வோருக்கு, முதலில் படித்துக் காட்டப்பட்ட அந்தப் போலி வாசிப்பைவிட நல்ல பதில் பஹ்லவி எழுத்துத்தான்.

அதே மலையின் அடியில் 1802 ஏப்ரல் 10ஆம் நாள் நில அளவையாளர் வில்லியம் லாம்ப்டன் தம் அடிக்கோட்டை அளக்கத் தொடங்கினார். பெரும்பாக்கம் நோக்கி ஏறக்குறைய 12 கிலோமீட்டர். இந்தியா முழுவதையும் அளந்த முக்கோண நில அளவை அங்கிருந்துதான் வளர்ந்தது. அளந்த கருவி 100 அடி எஃகுச் சங்கிலி. சென்னை வெயிலில் எஃகு நீளும் என்பதால் சங்கிலிக்கு நிழல் கொடுத்து, பக்கத்தில் வெப்பமானி வைத்து அளவுகளைத் திருத்திக்கொண்டே போனார். அறிவியலின் ஐயம் முதலில் தன் கருவியின் மீதே விழுகிறது. சமயத்தார் அறிவியலிடம் கற்க வேண்டியது இந்தப் பழக்கத்தைத்தான். கற்றவர்களும் இருந்திருக்கிறார்கள். 1937இல் இந்தியா வந்து நுங்கம்பாக்கம் லயோலா கல்லூரியில் கணிதம் கற்பித்த இயேசு சபைக் குரு சார்லஸ் ரசீன், பாரிசில் எலீ கார்த்தானிடம் ஆய்வு செய்தவர். சார்பியல் கோட்பாட்டில் முனைவர் பட்டம் பெற்றவர். எம்.எஸ். நரசிம்மனும் சி.எஸ். சேஷாத்ரியும் அவரிடம் பயின்றவர்கள். காலையில் திருப்பலி நிறைவேற்றிய கையால் கரும்பலகையில் நிறுவல் எழுதியவர். ஒன்றில் தயங்கினால்தான் மற்றொன்று முடியும் என்று அவர் கருதியதாகத் தெரியவில்லை.

ஆனால் விசுவாசமும் ஐயமும் ஒரே செயலில் சந்தித்ததற்கு நான் முன்வைக்க விரும்பும் சான்று ரசீனைவிடப் பால் பிராண்ட். கொல்லிமலையில் ஊழியம் செய்த பெற்றோருக்கு 1914இல் அங்கே பிறந்தவர். 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு அறுவை மருத்துவராக வந்தவர். மறு ஆண்டு செங்கல்பட்டுத் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது, அங்கிருந்த மருத்துவர் ராபர்ட் காக்ரேன் நோயாளிகளை அவருக்குக் காட்டினார். விரல்கள் மடங்கிப்போன ஒரு நோயாளியின் கையில் பிராண்ட் தம் கையைக் கொடுத்து, அழுத்தச் சொன்னார். செயலிழந்த கை என்று நினைத்தது, வலிக்கும் அளவுக்கு இறுக்கிப் பிடித்தது. அப்படியானால் எல்லாத் தசையும் சாகவில்லை. சில நரம்புகள் மட்டும் கெட்டிருக்கின்றன. நல்ல தசைநாணை இடம் மாற்றித் தைத்தால் விரல் நிமிரும். தொழுநோயாளியின் சதை கெட்ட சதை, கத்தி வைத்தால் ஆறாது என்று மருத்துவ உலகமே நம்பி ஒதுங்கியிருந்த காலம் அது. பிராண்ட் அந்த நம்பிக்கையைச் சந்தேகித்தார். விரல்கள் தாமே அழுகி உதிர்கின்றன என்பதையும் சந்தேகித்தார். துருப்பிடித்த பூட்டில் சாவியைத் திருகிய ஒரு சிறுவனின் விரல் எலும்பு தெரியக் கிழிந்து ரத்தம் சொட்டியது. அவனுக்கு அது தெரியவே இல்லை. இரவில் தூங்குகிறவர்களின் விரல்களை எலி கடித்தது; வலிக்காததால் அவர்கள் விழிக்கவில்லை. விரலைக் கொண்டுபோனது உணர்ச்சியின்மை, அதனால் வந்த காயங்கள். காரணம் தெரிந்ததும் காவலும் தெரிந்தது: தினமும் கைகால்களைப் பார்த்துச் சோதித்தல், தகுந்த செருப்பு, எலியைப் பிடிக்கப் பூனை. லேவியராகமம் தீட்டு என்றது. நம் ஊர் முற்பிறவிப் பாவம் என்றது. ஒரு விசுவாசி தொட்டுப் பார்த்துவிட்டு நரம்பு என்றார். தோமையாரின் கோரிக்கை மருத்துவமனைக்குள் வந்தால் இப்படித்தான் இருக்கும். விசுவாசம்தான் அவரை அந்தக் கைக்கு அருகில் கொண்டுவந்தது. அந்தக் கையைப் பற்றிச் சொல்லப்பட்டதை நம்பாமல் இருக்க அவரிடம் இருந்த ஐயம் உதவியது. இரண்டில் எது குறைந்திருந்தாலும் அந்த விரல்கள் நிமிர்ந்திருக்காது.

இனி 2004ஆம் ஆண்டு டிசம்பர் 26. கிறிஸ்துமசுக்கு மறுநாள், ஞாயிற்றுக்கிழமை. சுமத்திரா அருகே காலை 6.29க்குப் பூமி அதிர்ந்தது. இரண்டரை மணி நேரம் போல் கழித்துக் கடல் நம் கரையில் ஏறியது. தமிழ்நாட்டில் ஏறக்குறைய 8,000 பேர் மாண்டார்கள். அவர்களில் பெரும்பகுதி நாகப்பட்டினம் மாவட்டம். வேளாங்கண்ணியில் யாத்திரிகர்கள் மாண்டார்கள். இங்கே சாந்தோம் பேராலயத்துக்குள் தண்ணீர் வரவில்லை. பேராலயத்தின் பின்னால் கடலை நோக்கி நிற்கும் தோமையார் கம்பம் அலையைத் தடுத்தது என்ற பேச்சு சில நாட்களுக்குள் பரவிப் பத்திரிகைகளிலும் வந்தது. கடல் இந்தக் கம்பத்தைத் தாண்டாது என்று தோமையார் வாக்குக் கொடுத்ததாக ஒரு பழங்கதை முன்பே இருந்தது. துயரத்தில் எழுந்த அந்தப் பேச்சை நான் எள்ளவில்லை. உயிர் பிழைத்தவர்களுக்கு நன்றி சொல்ல ஓர் இடம் வேண்டும். ஆனால் அதை ஏற்கவும் முடியாது. இயற்பியல் தரும் காரணம் எளிது: கோயில் மேட்டில் இருக்கிறது, கடலடிச் சரிவுக்கும் கரையின் உயரத்துக்கும் ஏற்ப அலை இடத்துக்கு இடம் மாறும். அதைவிட வலுவான காரணம் கொஞ்சம் தெற்கே இருக்கிறது. அடையாறு முகத்துவாரத்தை ஒட்டிய சீனிவாசபுரத்தில் குடிசைகளையும் மனிதர்களையும் கடல் கொண்டுபோனது. கல் கட்டடத்தைக் காத்து, மீனவர் பிள்ளையைக் கைவிட்டவர் என்று கடவுளைச் சித்திரிக்கும் ஒரு கதையைத் தோமையாரின் பெயரால் எப்படிச் சொல்வது? கம்பம் உண்மையிலேயே அலையைத் தடுத்திருந்தாலும் அந்தக் கேள்வி அப்படியே நிற்கும். இங்கேதான் தோமையாரின் அளவுகோல் ஆய்வுக்கூடத்தின் அளவுகோலைவிடக் கூர்மையாக இருக்கிறது. ஆய்வுக்கூடம் அந்தக் கதைக்குச் சான்று உண்டா என்று கேட்கும். தோமையார் அதில் காயம் எங்கே என்று கேட்பார். அந்த நாட்களில் கம்பத்தைவிடப் பெரிய சாட்சியாக இருந்தது, கரையோர மக்களுக்கு அடைக்கலமாகத் திறந்திருந்த பேராலயத்தின் கதவு.

கடவுள் ஏன் அனுமதித்தார் என்ற கேள்விக்கு என்னிடம் விடை இல்லை. விடை இருப்பதாகச் சொல்கிறவர்களின் விடைகள் எனக்குத் திருப்தி தந்ததில்லை. ஆனால் அந்தக் கேள்வியோடு இன்னொரு கேள்வியும் எழ வேண்டும். கடலில் அலை வந்துகொண்டிருந்த அந்த இரண்டரை மணி நேரத்தில் கரையில் ஒருவருக்கும் செய்தி சொல்ல ஏன் ஆளில்லை? ஐதராபாத்தில் ஆழிப்பேரலை எச்சரிக்கை மையம் 2007இல்தான் வந்தது. இந்த இரண்டு வகைக் கேள்விகளும் முன்பே ஒருமுறை அருகருகே எழுந்திருக்கின்றன. 1755 நவம்பர் 1ஆம் நாள், எல்லாப் புனிதர் திருவிழாவன்று, லிஸ்பன் நகரம் அதிர்ந்து கோயில்களில் கூடியிருந்தவர்கள் மீதே கூரைகள் விழுந்தன. மலகிரிடா என்ற இயேசு சபைக் குரு அது பாவத்துக்கு வந்த தண்டனை என்று பிரசங்கித்தார். அமைச்சர் பொம்பால் பங்குக் குருக்களுக்குக் கேள்விப் பட்டியல் அனுப்பினார்: அதிர்வு எவ்வளவு நேரம் நீடித்தது, கடல் முதலில் ஏறியதா வடிந்ததா, எத்தனை பேர் இறந்தார்கள்? அந்தக் குருக்கள் எழுதி அனுப்பிய பதில்கள் நிலநடுக்க ஆய்வின் தொடக்க ஆவணங்களாக இன்றும் பயன்படுகின்றன. தங்கள் ஊர் இழப்பைக் குறித்து அனுப்பிய அந்தப் பெயர் தெரியாத பங்குக் குருக்கள், மலகிரிடாவைவிடத் தோமையாருக்கு நெருக்கமானவர்கள்.

பகுத்தறிவு மரபு வேரூன்றிய தமிழ்நாட்டில் இன்னொரு மறுப்பு நிச்சயம் வரும். தோமையாருக்குக் காட்டினார்கள் சரி, எங்களுக்கு யார் காட்டுவார்? உயிர்ப்பை எந்த ஆய்வுக்கூடத்தில் சோதிப்பது? கல்லையும் கம்பத்தையும் ஆராயச் சொல்லிவிட்டு மையமான நம்பிக்கையை மட்டும் பத்திரப்படுத்தி வைப்பது நேர்மையா? கேள்வி நியாயமானது, பதிலும் நேராக இருக்க வேண்டும். ஒரு முறை நிகழ்ந்ததாகச் சொல்லப்படும் செயலைத் திரும்பச் செய்து பார்க்க வழியில்லை. அதைச் சாட்சியத்தின் மீதே ஏற்கவோ மறுக்கவோ முடியும்; சாட்சியத்தை எடைபோட்டு மறுப்பவர் மூடரும் அல்லர், தீயவரும் அல்லர். விசுவாசி நிரூபித்துவிட்டதாகச் சொல்லக் கூடாது. தம் வாழ்க்கையை அதன் மேல் வைத்திருப்பதாகச் சொல்லலாம், அது துணிச்சல்தான் என்று ஒப்புக்கொள்ளவும் வேண்டும். ஆனால் உலகத்தைப் பற்றி, உடலைப் பற்றி, வரலாற்றைப் பற்றி விசுவாசம் வாய் திறக்கும் ஒவ்வோர் இடத்திலும் அது மற்றவர்களைப் போலவே விசாரணைக்கு வந்தாக வேண்டும். அங்கே சலுகை கேட்கத் தோமையாரின் சபைக்கு உரிமை இல்லை.

எதிர்த் திசையிலிருந்து வரும் மறுப்பு எனக்கு இன்னும் கனமாகப் படுகிறது. பெசன்ட் நகர் வேளாங்கண்ணி மாதா கோயிலில் மெழுகுவத்தியோடு நிற்கிற பெண்ணுக்கு மகனின் சிறுநீரகம் பற்றியோ வட்டிக் கடன் பற்றியோ ஒரு வேண்டுதல் இருக்கிறது. அவருக்கு இருக்கும் ஒரே பிடிமானத்தில் போய்க் கேள்வியைச் செருகலாமா? அவரிடம் பாடம் நடத்த எனக்கும் விருப்பமில்லை, தேவையும் இல்லை. அவரிடம் ஏற்கெனவே கேள்வி இருக்கிறது. அதைச் சொல்லத்தான் அவர் வந்திருக்கிறார். யோபு நூல் முழுவதும் கேட்டது அதைத்தான். நூலின் முடிவில் கடவுள், கேள்வி கேட்ட யோபுவைவிட்டு, விளக்கம் சொன்ன நண்பர்கள் மீதே சினம் கொள்கிறார். துன்பப்படுகிறவர்களை நொறுக்குவது அந்த நண்பர்களின் விளக்கங்கள்தான்: உன் விசுவாசம் போதவில்லை, உன் வீட்டில் ஏதோ மறைவான பாவம் இருக்கிறது, மாத்திரையை நிறுத்திவிட்டு முழுமையாக நம்பு. காசநோய்க்கு வழக்கமான மருந்து ஆறு மாதம். இடையில் நிறுத்தினால் நோய் மருந்துக்கு அடங்காததாக மாறி வீட்டிலுள்ளவர்களையும் பிடிக்கக்கூடும். எந்த மேடையிலிருந்தானாலும் மாத்திரையை நிறுத்தச் சொல்கிறவர், காயத்தைப் பார்க்க மறுத்து வெற்றியை மட்டும் காட்டச் சொல்கிறவர்.

காயத்தைக் கேட்பது என்று துணிந்துவிட்டால் நாம் உண்டாக்கிய காயங்களையும் கேட்டாக வேண்டும். மயிலாப்பூரில் இதைச் சொல்லாமல் போக முடியாது. பழைய கபாலீசுவரர் கோயில் கடலோரத்தில் இருந்தது, போர்த்துக்கீசியர் காலத்தில் அழிந்தது என்பது வரலாற்றாசிரியர் பலரின் முடிவு. சாந்தோம் பகுதியில் கிடைத்த கோயில் கற்களையும் கல்வெட்டுத் துண்டுகளையும் அவர்கள் காட்டுகிறார்கள். சரியாக எந்த இடத்தில் இருந்தது என்பதில் கருத்து வேறுபாடு உண்டு. அந்த வேறுபாட்டுக்குள் ஒளிந்துகொண்டு மொத்த இழப்பையும் மறுப்பது கிறிஸ்தவருக்கு அழகல்ல. சாதி இன்னும் அருகில் இருக்கும் காயம். திருச்சி மேலப்புதூர்க் கல்லறைத் தோட்டத்தில் தலித் கிறிஸ்தவர்களின் புதைகுழிகளைப் பிரித்து ஒரு சுவர் எழுந்தது. உயிர்ப்பை அறிக்கையிடுகிறவர்கள் செத்தவர்களுக்கு நடுவே கட்டிய சுவர் அது. தலித் கிறிஸ்தவர்களுக்கு 1950ஆம் ஆண்டு ஆணை பட்டியல் சாதி உரிமையை மறுத்தது அரசின் அநீதி என்று சபைகள் பேரணி நடத்துகின்றன; நியாயமான கோரிக்கை. அதே குரலில் சொந்தக் கல்லறைத் தோட்டத்தைப் பற்றியும் பேசினால்தான் அந்தக் கோரிக்கைக்கு எடை கூடும்.

ஆகவே இந்த மறைமாவட்டத்தின் மறைக்கல்வி வகுப்புகளை நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள் வைக்கிறேன். பதினான்கு, பதினைந்து வயதுப் பிள்ளைகளுக்கு ஜூலை 3ஆம் நாள் பாடத்தில் பர்னெலின் பஹ்லவி வாசிப்பைச் சொல்லிக்கொடுங்கள். பிராண்டின் பூனைகளைப் பற்றிச் சொல்லுங்கள். கம்பத்தின் கதையைச் சொல்லிவிட்டு அதே வகுப்பில் சீனிவாசபுரத்தில் இறந்தவர்களைப் பற்றியும் சொல்லி, பிள்ளைகள் கேட்கும் கேள்விகளைக் கேட்க விடுங்கள். விடை தெரியாத கேள்வியை ஒரு பிள்ளை கேட்டால், தோமையாருக்குக் கிடைத்த அந்த எட்டு நாள் அவகாசத்தை அதற்கும் கொடுத்து, அடுத்த ஞாயிறு அதே பெஞ்சில் அதற்கு இடம் வைத்திருங்கள்.